தை மாதப் பனியும் ஒரு வாத்துக்காரரும்: ஆயில் கலரில் வரையும் முறை

தை பிற்பாதியில் கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றங்கரை வயல்களில் பனி மூட்டமாக நிற்கும். சம்பா அறுத்து முடிந்த வயல். நெல்லின் அடித்தாள் மட்டும் நிற்கும், பெல்ட் போட்ட அறுவடை மெஷின் போன தடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். காலை ஆறே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தால் பக்கத்து வரப்புக்கு அப்பால் உலகம் இல்லை. எட்டு மணிக்கு வெயில் ஏறி எல்லாம் கலைந்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தான் ஒன்பது வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்பு நான் பேனர் ஆர்ட்டிஸ்ட். பவுடர் கலரை லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் குழைத்து, கட்டம் போட்டு, இருபது அடி முகம் வரைந்த கை. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று. "தம்பி, ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கணும், பேனர் கத்தணும்" என்பார் என் மாஸ்டர். கன்னத்தில் பச்சை, நெற்றியில் மஞ்சள், மூக்கோரம் சுத்தக் கறுப்பு. அந்தக் கையோடு முதல் பனிப் படம் வரைந்தேன். வரப்பில் ஆறு பேர், ஆளுக்கொரு நிறத்தில் சட்டை, எல்லோருக்கும் கண் மூக்கு வாய். பின்னால் வெள்ளையைக் கொட்டித் தேய்த்து வைத்திருந்தேன். மச்சினன் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், வெள்ளையடிச்ச சுவத்துக்கு முன்னாடி ஊர்வலம் போகுதா?" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. பனி என்று ஒரு பொருளை நான் தனியாக வரையப் பார்த்திருந்தேன். பனி அப்படித் தெரிவதில்லை. கிட்டே இருக்கும் ஆள் எவ்வளவு கறுப்பு, தூரத்து ஆள் எவ்வளவு கறுப்பு, அந்த வித்தியாசம்தான் பார்க்கிறவன் கண்ணுக்குப் பனியாகப் படுகிறது. அதனால் ஆளையும் பனியையும் ஒரே கணக்கில் வைத்துத்தான் இதைச் சொல்லித்தர முடியும்.

முதலில் பார்த்துப் பழகுங்கள். கலர் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, ஒரு 4பி பென்சில் போதும். காற்றில்லாத, மேகமில்லாத இரவுக்கு மறுநாள் போங்கள். அப்படிப்பட்ட இரவில்தான் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது, ஈர வயலை ஒட்டிய காற்று பனியாகிறது. இதனால் எங்கள் ஊர்ப் பனி தரையோரம் கெட்டியாகவும் மேலே போகப் போக மெல்லிசாகவும் இருக்கும். பனைமரத்தின் தலை நன்றாகத் தெரியும், அடிமரம் கரைந்திருக்கும். தூரத்தில் வருகிற ஆளுக்குத் தலையும் தோளும் உண்டு, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மனிதர்களை அடியிலிருந்து வரைகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பனியில் தலையிலிருந்து ஆரம்பித்து, இறங்க இறங்க பிரஷ்ஷை லேசாக்கி, கால் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று நிறம். மலைப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தூரம் என்றாலே நீலத்தை எடுத்துவிடுவார்கள். ஏற்காட்டிலோ கொல்லிமலை அடிவாரத்திலோ அது சரி. அங்கே நடுவில் இருப்பது வெறும் காற்று, அது நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். வயல் பனி நீர்த்துளி. அந்தத் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பதால் தூரம் வெளுத்த சாம்பலாகத்தான் போகும். சூரியன் இருக்கும் பக்கம் அந்தச் சாம்பலில் கொஞ்சம் மஞ்சளும் ரோஸும், எதிர்ப்பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. டெல்டா வயலுக்குப் பின்னால் நீலத் தென்னந்தோப்பு வரைந்தால், அது ஊட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த தோப்பு மாதிரி இருக்கும்.

போனில் படம் எடுக்கலாம், ஆனால் அதை நம்பி வரையாதீர்கள். மங்கலாக இருப்பதைக் குறை என்று நினைத்து, போன் தானாகவே டார்க்கை ஏற்றி ஓரங்களைக் கூராக்கிவிடும். நாம் தேடி வந்ததே அந்த மங்கல்தான். எனவே நோட்டில் சின்னச் சின்னக் கட்டமாக நான்கைந்து ஸ்கெட்ச் போட்டு, ஒவ்வொன்றின் டோனையும், அதாவது எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பதை, நம்பராக எழுதிக்கொள்வேன். வெள்ளை 1, கறுப்பு 10. ஒரு காலைக்கு நான் எழுதி வந்தது இது: சூரியனைச் சுற்றி 2, பொதுவான பனி 3, ஆற்றங்கரைத் தோப்பு மூன்றரை, நடுவில் நிற்கும் இரண்டு பனை 4, வரப்பில் போன இரண்டு பெண்கள் 5, கிட்டே வந்த வாத்துக்காரர் 7. அவ்வளவுதான். 7க்கு மேல் அந்தக் காலையில் எதுவுமே இல்லை. இந்தப் படத்துக்குக் கறுப்பு ட்யூபைத் திறக்கவே வேண்டாம் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

கேன்வாஸ் 16க்கு 20 அங்குலம், படுக்கை வசத்தில். கடையில் ப்ரைமர் அடித்தே கிடைத்தாலும் மேலே இன்னும் இரண்டு கோட் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு அடித்து, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுவேன். துணியின் நெசவு மேலே துருத்திக்கொண்டு இருந்தால் பனி நிற்காது. பிறகு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் எல்லோ ஓக்கர் என்கிற மண்மஞ்சளும் கொஞ்சம் டர்பன்டைனில் கரைத்து முழுக்கத் தடவி, துணியால் துடைத்து எடுத்தால் வெளிறிய செங்கல் நிறம் நிற்கும். இரண்டு நாள் காயட்டும். வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாக ஆரம்பித்தால் 3 நம்பர் பனியே அழுக்காகத் தெரிந்து, பயந்துபோய் வெள்ளையைக் கூட்டிவிடுவீர்கள். கடைசியில் சூரியனுக்கு வைக்க வெளிச்சம் மிஞ்சாது.

கலர் ஐந்துதான்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமெரைன் நீலம், பெர்மனன்ட் ரோஸ். இதில் உயிர்நாடி அல்ட்ராமெரைனும் பர்ன்ட் சியன்னாவும். இரண்டையும் சேர்த்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு டார்க் வரும். நீலம் ஒரு சிட்டிகை கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் சூடான சாம்பல். அதில் வெள்ளை சேர்த்து, வரைய ஆரம்பிப்பதற்கு முன்பே 2, 3, மூன்றரை, 4, 5, 7 என்று ஆறு குவியல் கலந்து வைத்துவிடுங்கள். கத்தியால் கலக்குங்கள், பிரஷ்ஷால் வேண்டாம். இதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். வரைந்துகொண்டே கலந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டார்க்காகவே கலப்போம், இது கையின் குணம்.

வெள்ளை பற்றி ஒரு வார்த்தை. ஜிங்க் ஒயிட் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருப்பதால் பனிக்கு அதுதான் சரி என்று சொல்பவர்கள் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் எண்ணெயில் அது வருடங்கள் போகப் போக நொறுங்கும் தன்மைக்கு வந்து வெடிப்பு விடும். நான் டைட்டானியத்தையே எடுத்து மெல்லிசாகத் தேய்க்கிறேன்.

இப்போது ஆட்கள். பேனர்காரனுக்குப் பழக்கமான கணக்கு இங்கே கைகொடுக்கும். சமதரையில் அடிவானக் கோடு என்பது உங்கள் கண் உயரம்தான். நான் உட்காரும் வரப்பு வயலைவிட ஒன்றரை அடி உயரம். உட்கார்ந்தால் வரப்பிலிருந்து என் கண் இரண்டரை அடி. ஆக, வயல் தரையிலிருந்து நான்கு அடி. ஐந்தரை அடி ஆளுக்கு நான்கு அடி என்றால் மார்பு. வயலில் நிற்கிற எந்த ஐந்தரை அடி ஆளுக்கும், இருபதடி தூரமோ இருநூறடி தூரமோ, அடிவானக் கோடு மார்பில்தான் வெட்டும். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஆட்கள் பறக்கமாட்டார்கள், குள்ளமாகவும் மாட்டார்கள்.

என் கேன்வாஸில் கோடு கீழிருந்து ஐந்து அங்குலத்தில். வாத்துக்காரரின் பாதம் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே. அந்த இரண்டு அங்குலம் நான்கு அடிக்குச் சமம், அதாவது அடிக்கு அரை அங்குலம். அப்படியானால் அவர் மொத்தம் இரண்டே முக்கால் அங்குலம். அவருக்குப் பின்னால் வயலில் இன்னொருவரை நிறுத்த வேண்டும், பாதம் கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே என்றால் அவர் உயரம் இதில் சரிபாதி. வரப்பின் மேல் நடக்கும் பெண்கள் தரையைவிட ஒன்றரை அடி ஏறி நிற்பதால் அவர்களுக்குக் கோடு இடுப்புப் பக்கம் வரும். நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால் கணக்கு மாறும்: வயலில் இருப்பவர்கள் எல்லோரின் தலைக்கும் மேலே கோடு போகும், ஆட்கள் தரையில் புதைந்த மாதிரி ஆகிவிடுவார்கள். பனிக்கு உட்கார்ந்து பார்ப்பதே நல்லது. தலைகள் கோட்டுக்கு மேலே எழும்பி வெளுத்த பனியில் விழுவதால் உருவம் எடுப்பாக வரும்.

எத்தனை ஆள்? குறையுங்கள். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிச் 1808க்கும் 1810க்கும் இடையில் வரைந்த 'கடலோரத் துறவி' இன்று பெர்லினில் இருக்கிறது. ஒன்றே முக்கால் மீட்டர் அகலக் கேன்வாஸில் கட்டைவிரல் மாதிரி ஒரே ஒரு ஆள். அவர் முதலில் கடலில் கப்பல்களும் வரைந்து, பிறகு அவற்றை மூடிவிட்டார். அடியில் அந்தக் கப்பல்கள் இருப்பதை ஆய்வில் கண்டுபிடித்தார்கள். கப்பலை எடுத்ததால்தான் அந்த ஆள் அவ்வளவு தனியாக நிற்கிறார். என் ஊர்வலத்து ஆறு பேரில் மூன்று பேரை நான் எடுத்தது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான்.

வரைகிற நாள். கரியால் அடிவானக் கோடு, பனை இரண்டு, ஆட்களின் தலைக்கும் பாதத்துக்கும் ஒரு புள்ளி, அவ்வளவே. கரித்தூளைத் துணியால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பனி கறுத்துவிடும். தூரத்திலிருந்து கிட்டே வாருங்கள். முதலில் 2ஐயும் 3ஐயும் பெரிய ஹாக் பிரஷ்ஷால் (பன்றிமுடி பிரஷ்) வானம், பனி என்று பிரிக்காமல் மேலிருந்து கீழே வயல் வரை. கலரில் எண்ணெய் வேண்டாம், ஒரு துளி டர்பன்டைன் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், டர்பன்டைன் நெடி தலைவலி தரும்.

அது ஈரமாக இருக்கும்போதே மூன்றரையை எடுத்துத் தோப்பு. இலை வரையாதீர்கள், தோப்பின் மேல்விளிம்பு மட்டும். கீழ்ப்பக்கம் காய்ந்த மிருதுவான பிரஷ்ஷால் பக்கவாட்டில் இரண்டு தடவை தடவினால் அடி கரைந்து பனிக்குள் போகும். இரண்டு தடவைதான். மூன்றாவது தடவை கை தானாகப் போகும், அதைத்தான் அடக்க வேண்டும். தேய்த்துக்கொண்டே இருந்தால் பனி பஞ்சு மிட்டாய் ஆகிவிடும். பிறகு பனைகள், பிறகு அதே ஈரத்தில் 5 நம்பரில் பெண்கள் இருவரும். ஈரத்தில் வைப்பதால் அவர்கள் ஓரம் தானாகவே மழுங்கி நிற்கும், காய்ந்த பிறகு அந்த ஓரம் கிடைக்கவே கிடைக்காது. தலைக்கு ஒரு தொடுகை, புடவைக்கு மேல் போட்டிருக்கும் ஆம்பளைச் சட்டைக்கு ஒரு தொடுகை, கீழே இழுத்து விட்டுவிடுங்கள். இருவரையும் ஒட்டி வையுங்கள், ஒரே உருவமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. தூரத்தில் சேர்ந்து நடப்பவர்கள் அப்படித்தான் தெரிகிறார்கள். முகத்தில் கண் வைத்தால் என் மச்சினனைக் கூட்டி வருவேன்.

வயலில் தாள் இருக்கிறது. ஒவ்வொன்றாக வரைய உட்காராதீர்கள். முன்னால் கொஞ்ச இடத்துக்கு மட்டும் ஓக்கரும் சாம்பலும் கலந்து கத்தி ஓரத்தால் நான்கைந்து கீறல், மேலே போகப் போக வெறும் பட்டை. மெஷின் தடத்துத் தண்ணீருக்கு வானத்துக் கலரையே, அரை நம்பர் டார்க்காக, படுக்கை வசத்தில் ஒரு இழுப்பு. படத்தில் பார்வை உள்ளே போக அந்தத் தடம்தான் வழி.

இத்தோடு நிறுத்திவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள். எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அதற்கு நேரம் வேண்டும். மழை ஈரத்தில் இன்னும் இழுக்கும். தொட்டால் ஒட்டக்கூடாது. சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள், இருட்டில் லின்சீட் மஞ்சளாகும், வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் தெளியும்.

வாத்துக்காரரைக் காய்ந்த படத்தின் மேல்தான் வைப்பேன். காரணம் பயம். இந்த ஒரு உருவம் தப்பானால் படமே போச்சு. காய்ந்த மேற்பரப்பில் பிடிக்காவிட்டால் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். அதற்கும் முன்னால், பழைய ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) அவருடைய அளவுக்கு வெட்டி, அதில் கலரால் வரைந்து படத்தின் மேல் பிடித்து இங்கும் அங்கும் நகர்த்திப் பார்ப்பேன். நடுவில் வைத்தால் சிலை மாதிரி, விளிம்பில் வைத்தால் படத்தை விட்டு ஓடுகிற மாதிரி. இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்தேன், உள்பக்கம் பார்த்து.

உருவத்துக்கு நிலைதான் முக்கியம், முகம் இல்லை. ஒரு காலில் பாரம் நிற்கும், அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், தோள் இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து நேரே கீழே ஒரு கோடு விட்டால் பாரம் தாங்கும் பாதத்தில் விழ வேண்டும், நடக்கிறவருக்கு இரண்டு பாதத்துக்கும் நடுவில். தலையை முகத்துக்காகப் பெரிதாக்கிவிடுவோம், உயரத்தில் ஏழில் ஒன்றைத் தாண்டவிடாதீர்கள். 7 நம்பரை எடுத்து, முண்டாசு, தோள், மடித்துக் கட்டிய வேட்டி என்று மூன்று நான்கு தட்டையான தொடுகையில் முடியுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்துத் தோளில் மட்டும் ஒரு மெல்லிய சூடான விளிம்பு.

என் முதல் வரைவில் அவர் கழியோடு முன்னால் போக, வாத்துகள் பின்னால் வந்தன. டீ கொண்டு வந்த என் மனைவி விவசாய வீட்டுப் பெண். "என்னங்க, வாத்து என்ன பள்ளிக்கூடப் புள்ளைங்களா, வாத்தியார் பின்னாடி வர? அந்தாளு பின்னாடி நின்னுல்ல ஓட்டுவாரு" என்றாள். துணியால் துடைத்தேன். காய்ந்த பரப்பில் வைத்ததால் பிழைத்தேன். வாத்துகள் இப்போது அவருக்கு முன்னால், 6 நம்பரில் ஒரே பழுப்புக் கூட்டமாக. ஓரத்தில் மட்டும் ஐந்தாறு கழுத்து நீண்டு தெரியும், மீதியைப் பார்ப்பவரே எண்ணிக்கொள்வார்.

வாத்துக்காரரும் காய்ந்த பிறகு, இன்னும் ஒரு வாரம் விட்டு, பனியை ஒரு தடவை மேலே போர்த்தலாம். 3 நம்பரில் ஒரு துளி லின்சீட். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூட என்பது ஆயில் வேலையின் சட்டம், மாற்றினால் வெடிக்கும். பழைய, முடி விரிந்த பிரஷ்ஷில் கொஞ்சமே கொஞ்சம் எடுத்து, பேப்பரில் துடைத்து, கிட்டத்தட்ட வெறும் பிரஷ்ஷால் வாத்துக்காரரின் முழங்காலுக்குக் கீழேயும் பனையின் அடியிலும் தேய்க்க வேண்டும். டார்க்கின் மேல் மெல்லிசாக வெள்ளை விழுந்தால் கண்ணுக்கு நீலம் தட்டும், அதனால் கலவையில் சிட்டிகை ஓக்கர் கூடுதலாக இருக்கட்டும். இந்த வேலை போதை மாதிரி. ஒரு தடவை பாதிப் படத்தைப் பனிக்குள் அனுப்பிவிட்டேன்.

சூரியனைக் கடைசியில் வைத்தேன், கிட்டத்தட்ட 1. பனியின் நடுவே சிறிய வெளிறிய வட்டம். இதற்கு வேறு வழியும் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அந்த ஆரஞ்சும் சுற்றியுள்ள சாம்பலும் ஒரே டோன், நிறத்தால் மட்டும்தான் எரிகிறது. சூரியன் அப்படிச் சிவப்பாக இருக்கும் காலைக்கு அது பொருந்தும். உங்கள் படத்தையும் இதே மாதிரி கறுப்பு வெள்ளையில் பார்த்தால் எந்த ஆள் தன் தூரத்தை விட்டு முன்னால் குதிக்கிறார் என்று உடனே காட்டிக்கொடுக்கும்.

நிறமாக நான் அனுமதித்தது ஒன்றே ஒன்று, வாத்துக்காரரின் தோள் துண்டு. ரோஸும் சியன்னாவும் கலந்த மங்கிய சிவப்பு, அரை விரல் நகம் அளவு. பேனர் கை அதில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சியது. கத்தியால் சுரண்டிக் குறைத்தேன்.

வேலை முடிந்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் இறுகும்போது சூடாகும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் ஒன்றொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது, முடிந்தால் அடுத்த தை வரை பொறுங்கள்.

கையெழுத்தை 5 நம்பரில், வரப்பு நிழலோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். பேனர் காலத்தில் சிவப்பில் ஒரு முழம் எழுதுவேன்.